காய வைப்பதும் காய விடுவதும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஆபீசில் கேட்டார்கள். பாதுகாப்பைப் பற்றி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஹெல்மெட் போடு, சாரத்தில் ஏறும்போது பெல்ட் மாட்டு என்று சொல்வதற்கு நான் எதற்கு? அதற்குத்தான் கேட்டுக்குப் பக்கத்திலேயே படம் போட்டுப் பெரிய போர்டு வைத்திருக்கிறார்களே. நான் பூச்சு காய்வதைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். சைட்டில் நான் கத்தாத நாளே கிடையாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயந்துபோய்க் கத்தியது ஒரே ஒரு முறை. அது ஒரு வீட்டில் பூச்சு காய்ந்த லட்சணத்தால் வந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டித் தரும் இந்தச் சின்ன நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் பெரிய பெரிய கம்பெனிகள் தொழிற்சாலை கட்டிக்கொண்டே போனார்கள். அதில் வேலை செய்கிறவர்களுக்கு நாங்கள் பின்னாலேயே வீடு கட்டிக்கொண்டு போனோம். உங்களில் பாதிப் பேர் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். அந்த அறைகளில் சிலவற்றை நான் கட்டியிருப்பேன். ஒழுகினால் என்னைத் திட்டாதீர்கள், மொட்டைமாடியில் துணி துவைக்கிறவர்களைத் திட்டுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வீட்டுக்காரர்களும் உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "எப்ப சார் காயும்?" இந்தக் 'காயும்' என்ற சொல் இருக்கிறதே, நம் தொழிலுக்கு அதைவிடப் பெரிய தொல்லை இல்லை. துணி காய்கிறது, வற்றல் காய்கிறது, பெயிண்ட் காய்கிறது. அதே வாயால் பூச்சும் காய்கிறது என்கிறோம். ஆனால் சிமெண்ட் முதலில் தண்ணீரைக் குடித்து இறுக வேண்டும். அதுவரை அதன் ஈரம் விடவே கூடாது. நன்றாக இறுகிய பிறகு, மிச்ச ஈரம் தன் பாட்டுக்கு மெல்ல வெளியே போக வேண்டும். அப்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதனால் நான் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வேன்: "சுவரைக் காய வைக்காதீங்க, காய விடுங்க." பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுக் காய வைப்பார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் குணசேகரன் என்பவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். குணா என்று கூப்பிடுவோம். ஒரு கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை. மனைவி பெயர் லதா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஒரகடத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கார்த்திகைக்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும், மார்கழி வந்துவிட்டால் குடி போக முடியாது. தை வரைக்கும் பொறுத்துக்கொள்ள வாடகை வீட்டுக்காரருக்கு மனசில்லை.

குணாவுக்கு அப்பா இல்லை. வளர்த்ததெல்லாம் பெரியப்பா ஏகாம்பரம். அந்த ஊரில் இன்னும் நெல் நட்டுக்கொண்டிருக்கிற சில பேரில் அவரும் ஒருவர். குணா தன் பங்கு நிலத்தை விற்றுத்தான் இந்த வீட்டுக்கு அஸ்திவார வாணம் தோண்டினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் பெரியவர் தினமும் காலையில் சைட்டுக்கு வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். குணா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் கிளம்பிப் போய்விடுவார். வளர்த்த பாசம் ஒரு பக்கம், வீராப்பு இன்னொரு பக்கம்.

ஹால் கூரையின் அடிப்பக்கப் பூச்சு முடிந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. காலையில் பெரியவரிடமும் மாலையில் குணாவிடமும் தனித்தனியாக நின்று சொன்னேன். முதலில் ஈரம் விடாமல் நனைத்துக்கொண்டே இருங்கள், நான் சொன்ன பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்து விடுங்கள், வேறு எதுவும் செய்யாதீர்கள் என்றேன். பெரியவர், "பயிருக்கு தண்ணி காட்டத் தெர்யாதவனா நானு?" என்றார். குணா, "எங்க லைன்ல டெய்லி இதான மேடம் வேல" என்றார். இரண்டு பதிலும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மேஸ்திரி முருகேசனைக் கூப்பிட்டு, நீ கண் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த வாரம் மழை வெளுத்து வாங்கியது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று ஆளாளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். மணிமங்கலத்தில் எங்களுடைய இன்னொரு சைட்டில் தோண்டிய பள்ளம் குளமாகிவிட்டது. நான் அங்கே போய் மாட்டிக்கொண்டேன். ரோடு துண்டாகிவிட்டதால் பிள்ளைப்பாக்கம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. போன் செய்தால் முருகேசன், "எல்லாம் சரியா போய்கினு கீது மேடம், நீங்க டென்ஷன் ஆவாதீங்க" என்பான். அவன் வீட்டுக்குள்ளேயும் தண்ணீர் புகுந்திருந்தது. அவன் அங்கே போகவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நெல்வயலில் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' தண்ணீர் விடுவார்கள். வயலைக் கொஞ்சம் காய விட்டு, மண் லேசாக வெடிக்கிற நேரம் பார்த்து மறுபடி பாய்ச்சுவார்கள். அப்படிச் செய்தால் வேர் நன்றாக இறங்கும். பெரியவர் அந்தக் கணக்கையே கூரைக்கும் போட்டார். பூச்சு வெளுத்து வறண்டு தெரிகிற வரை காத்திருந்து, ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பீய்ச்சி அடித்தார். குணாவுக்கோ எல்லாமே கார்தான். பெயிண்ட் அடித்த பாடியைச் சூட்டு அறைக்குள் விட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்து வெளியே வந்துவிடும். அவர் மாலையில் வந்து பார்ப்பார், கூரை ஈரமாகவே இருக்கும். மழையால் காயவில்லை என்று நினைத்துக்கொள்வார். மைக்செட்காரரிடம் போய் ஃபோகஸ் லைட்டுகளை வாங்கி வந்து கூரையைப் பார்த்து எரியவிட்டார். சூடு வெளியே போகக்கூடாது என்று ஜன்னல்களைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டினார். காலையில் ஷிப்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் கழற்றி, திருட்டுப் போகாமல் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார். பின்னாலேயே வந்து பார்க்கும் பெரியவர், கூரை இப்படி வறண்டு கிடக்கிறதே என்று பதறித் தண்ணீர் அடிப்பார். மாலையில் குணா, இன்னும் காயவில்லையே என்று கூடுதலாக ஒரு லைட் போடுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. அந்தக் கூரை தினமும் பொரிந்தது, தினமும் நனைந்தது.

மழை விட்டு ரோடு திறந்தபோது பால் காய்ச்சும் நாள் வந்துவிட்டது. என்னையும் அழைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு விருந்தாளியாகத்தான் போனேன். வாசலில் பந்தல், வாழைமரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. உள்ளே போனதும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன். ஹால் கூரைக்கு அவசர அவசரமாக வெள்ளை ப்ரைமர் அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைக்குள்ளேயே மயிரிழை மாதிரி விரிசல்கள் நாலா பக்கமும் ஓடியிருந்தன.

பந்தல்காரர்கள் விட்டுப்போன மூங்கில் கம்பு ஒன்று மூலையில் கிடந்தது. எடுத்து ஓரத்தில் மெல்லத் தட்டினேன். டண் டண் என்று கெட்டியான சத்தம். நடுவுக்கு வந்து தட்டினேன். டொப் என்றது. இன்னும் தள்ளித் தட்டினேன், அங்கேயும் டொப். ஒரு கட்டில் அளவுக்கு அந்தப் பூச்சு கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து, சுற்றியிருக்கும் பூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஐயர் செங்கல்லை அடுக்கி ஹோமகுண்டம் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு மணைப்பலகை, குணாவும் லதாவும் உட்கார.

முருகேசன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்து வந்து தட்டிக் காட்டினேன். அவன் முகம் செத்துவிட்டது.

"இப்ப இத்த சொல்லாதீங்க மேடம். நல்ல நேரம் முடியப் போவுது. ஹோமம் முடிஞ்சி எல்லாரும் சாப்ட்டு போவட்டும். நாளிக்கி நானே கொத்தி எட்த்துட்றேன்."

"அதுவரைக்கும்?"

"தாங்கும் மேடம்."

"அப்படின்னா நீ போய் அந்த மணையில உக்காரு."

அவன் மேலே பார்த்தான், மணையைப் பார்த்தான், போகவில்லை. என் முடிவை நான் எடுத்தது அந்த இடத்தில்தான். பிள்ளைகளே, ஒருவன் 'தாங்கும்' என்று சொன்னால் எதை வைத்துச் சொல்கிறான் என்று விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவனையே அடியில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

முடிவெடுத்துவிட்டேன், ஆனால் அதை எப்படிச் சொல்வது? புது வீட்டில் பால் காய்ச்சுகிற நேரம். அங்கே தும்மினாலே திரும்பிப் பார்ப்பார்கள். 'இடியும்', 'விழும்' என்ற வார்த்தையை வாயில் எடுத்தால் காலத்துக்கும் மறக்க மாட்டார்கள். பிற்பாடு அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மேடம் வாய் வைத்தாள் என்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நிலம் விற்ற நாளிலிருந்து குணாவின் எந்த நல்ல காரியத்துக்கும் வராத பெரியவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொந்தபந்தங்களோடு வந்து முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

குணாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு வேர்த்துவிட்டது.

"மேடம், லதா நடையா நடந்து காலப் புடிச்சி கூட்டியாந்துகீறா அவர. இப்ப நிறுத்துனா எழுந்து போய்டுவாரு. அப்பறம் ஜென்மத்துக்கும் இல்ல."

"நிறுத்தச் சொல்லல. எடத்த மாத்துங்க. வெளிய பந்தல்ல வச்சுக்கலாம்."

"இன்னான்னு சொல்லி மாத்தறது?"

வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். ஐயரிடம் போய், புது ப்ரைமர் சாமி, ஹோமப் புகை பட்டால் கருத்துவிடும், வாசலில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். ஐயர் யோசித்தார். அதற்குள் பெரியவர் குறுக்கே வந்துவிட்டார்.

"பொக படணும்னுதானம்மா ஓமமே வளக்கறது. வூட்டுக்குள்ள வளக்காம தெருவுலயா வளப்பாங்க? பெயிண்ட்டு போனா இன்னொரு தபா அடிச்சிக்கலாம். நீங்க ஆரம்பிங்க சாமி."

பொய்க்கு ஒரு எல்லை இருக்கிறது. அது அங்கேயே முடிந்துவிட்டது.

அதே நேரத்தில் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மஞ்சள் பூசிய பசு வாசற்படியில் கால் வைக்கத் தயங்கியது. பின்னாலிருந்து தள்ளினார்கள், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். பசு உள்ளே வந்ததும் அதன் பின்னால் கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. லதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்துவிட்டாள். குணா என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்து மணையில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வாழையிலையில் பரப்பியிருந்த பச்சரிசியின் மேல் கொஞ்சம் சாம்பல் நிற மணல் தெரிந்தது. யாராவது காலில் கொண்டுவந்த மண்ணாக இருக்கலாம். மேலிருந்து உதிர்ந்ததாகவும் இருக்கலாம். ஐயர் சமித்தைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் எந்திரிங்க! வெளிய போங்க! மேல பூச்சு விழப்போவுது!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாதஸ்வரம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அசையவில்லை. யாரும் கூரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தவள் லதா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையின் தலைமேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு மாட்டைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். பிள்ளைக்காரி போனதைப் பார்த்ததும் மற்றப் பெண்களும் நகர்ந்தார்கள். கூட்டம் கலைந்தது. மாட்டை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஐயர் தாம்பாளத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, "பந்தல்லயே வளர்த்துடலாம், எங்க வளர்த்தாலும் அக்னி அக்னிதான், நாழியாறது, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

பெரியவர் மட்டும் நகரவில்லை. சரியாக அந்த வெடிப்புக்குக் கீழே, இரண்டு மணைக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லது நடக்கற வூட்ல இன்னா பேச்சு பேசற நீ? எவ்ளோ பாடுபட்டு இந்தக் கூரைக்கு தண்ணி ஊத்தனவன் நானு. வுழுதா பாக்கறேன். வுழட்டும்."

"ஐயா, திட்டறத வெளிய வந்து திட்டுங்க. உங்க காலுல விழறேன், வாங்க."

"வரமாட்டேன்."

அவரைப் பிடித்து இழுக்கவும் எனக்குப் பயம். இழுபறியில் என் கையிலிருந்த கம்பு மேலே இடித்துவிட்டால்? முருகேசன் கதவுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். எனக்கு என்ன செய்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை.

வெளியே போயிருந்த குணா திரும்பி உள்ளே வந்தார். நேராக வந்து பெரியப்பா பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டார்.

"இன்னாடா?" என்றார் பெரியவர். இத்தனை நாள் கழித்து அவர் குணாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ நிக்கற இல்ல. நானும் நிக்கறேன்."

"டேய், ஒனக்கு கொழந்த கீதுடா. வெளில போடா."

"நீ வா, நானும் போறேன்."

"போடான்னா!"

"வா பெரிப்பா."

இரண்டு பேரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நகர்ந்தது பெரியவரின் கால்தான். அவர் குணாவின் முதுகில் கை வைத்துத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வெளியே போனார். நான் வாசற்படியில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலில் ஹோமம் நடந்தது. அடுப்படிக் கூரையைத் தட்டிப் பார்த்தேன். அங்கே லைட் வைக்காததால் பூச்சு கெட்டியாக இருந்தது. பின்வாசல் வழியாகப் போய்ப் பால் காய்ச்சச் சொன்னேன். முதல் நாளே பின்வாசல் வழியாகவா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். லதா காதில் வாங்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பால் பொங்கியது.

ஆனால் பூச்சு விழவில்லை. பந்தி ஆரம்பித்தது, விழவில்லை. பந்தி முடிந்தது, அப்போதும் விழவில்லை. சொந்தக்காரர்கள் கை கழுவிவிட்டு வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "இன்னா மேடம், இன்னும் வுழலியா?" என்று ஒருத்தர் கேட்க, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு யாரும் இலை போடவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஒரு உண்மையைச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் எட்டிப் பார்க்கும்போது, விழுந்து தொலையக்கூடாதா என்று என் மனசு கேட்டது. ஒரு வீட்டின் கூரை விழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அப்புறம் வெட்கமாகவும் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நீங்கள் வேலையை நிறுத்துவீர்கள், ஒன்றும் ஆகாது, எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காக அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

விருந்தாளிகள் போன பிறகு முருகேசன் புதுச்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியில் நின்றபடியே நீளமான கம்பால் கூரையைக் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார். முருகேசன் மறுபடி ஓங்கிக் குத்தினான். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து மணைப்பலகையின் விளிம்பில் விழுந்து உடைந்தது. மிச்சம் வரவேயில்லை. ஓரமாகச் சாரம் போட்டு, உளி வைத்து, பொழுது சாய்கிற வரை கொத்த வேண்டியிருந்தது. சில இடத்தில் தொட்டாலே மாவாக உதிர்ந்தது, சில இடத்தில் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். மணலாக உதிர்ந்தது.

"இன்னாடா இது, பொரிச்சி எட்த்தா மாதிரி கீது? நான் தண்ணி வுட்டனே!"

"நீதான் தண்ணி ஊத்தனியா?" என்றார் குணா. "நான் டெய்லி லைட் போட்டு காய வச்சிக்கினு கீறேன். ஈரம் போவவே மாட்டேங்குதேன்னு மண்டைய ஒடச்சிக்கினேன்!"

"லைட்டா? எந்த லைட்டு? அதான் வெடிச்சி வெடிச்சி கெடந்துதா? அறிவு கீதாடா ஒனக்கு? பயிர வறுப்பாங்களா?"

"அது பயிரா பெரிப்பா? செவுரு!"

"செவுரு குடிக்காதா தண்ணி?"

அதன் பிறகு அவர்கள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் கூரையில் தொடங்கி, நிலத்துக்குப் போய், குணா சின்ன வயதில் ஏரியில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டது வரைக்கும் போனது. முருகேசன் சிரிப்பை அடக்க முடியாமல் சாரத்தின் மேலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

லதா வாசல் வரை வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், நெஜமாவே வுழுந்திருக்குமா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தெரியாதும்மா. ஹோமம் முடியற வரைக்கும் நின்னிருக்கலாம். நாலு வருஷம்கூட நின்னிருக்கலாம்."

"தெரியாமலா அப்படி கத்துனீங்க?"

"தெரியாததாலதான் கத்துனேன். எப்ப விழும்னு தெரிஞ்சிருந்தா, பக்கத்துல வந்து மெதுவா சொல்லியிருப்பேன்."

உள்ளே இரண்டு பேரும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மறுபடி பூசனதும் என்கிட்ட மட்டும் சொல்லுங்க மேடம். தண்ணி நான் வுடறேன். எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்றீங்களோ அப்ப நிறுத்திட்டு ஜன்னல தொறந்து வைக்கறேன். இந்த ரெண்டு பேர்ல ஒருத்தரையும் உள்ள வுடமாட்டேன்."